பத்தரை மணி ஊசி

ஊசியை ராத்திரி சரியாக 10.30 மணிக்குப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து இருபதும் கூடாது, பத்தே முக்காலும் கூடாது. என் சின்னம்மா மகள் அதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி, சுவர்க் கடிகாரத்துக்குக் கீழேயே ஒட்டியிருந்தாள். ஐஸ் கட்டி வைத்த தெர்மாக்கோல் டப்பாவில் மருந்து மதியமே வந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நர்ஸ் அக்கா பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் மாமியார் என் செல்போனை இரண்டு முறை வாங்கிப் பார்த்து, சுவர்க் கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அந்த வீட்டில் மணிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து அதுவரை நான் பார்த்ததில்லை.

ட்ரிகர் ஊசி என்கிறார்கள். சோதனைக்குழாய் சிகிச்சையில், வளர்ந்து நிற்கும் கருமுட்டைகள் கடைசி முதிர்ச்சியை எட்டி வெளியே வரத் தயாராவதற்கான உத்தரவு அது. போட்டதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டைகளை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். பிந்தினால் அவை தாமாகவே வெளியேறிவிடும், முந்தினால் முதிர்ந்திருக்காது. திங்கள் ராத்திரி பத்தரைக்குப் போட்டால் புதன் காலை பத்தரைக்கு ஆபரேஷன் தியேட்டர். கணக்கு அவ்வளவு கறார்.

எல்லோரும் படுத்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊசி செய்கிற வேலை புதிதல்ல; மூளை மாதாமாதம் தானாகச் செய்வதுதான். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, மாதத்தில் ஒருமுறை எல்எச் என்ற ஹார்மோனை அலையாகக் கிளப்பிவிடுகிறது. அது கிளம்பி ஒன்றரை நாளில் முட்டை வெளிப்படுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு அந்த அலை எழுவது நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் நடுவில். உடம்பும் ராத்திரியில்தான் அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறது. யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்த கதை எலிகளிடமிருந்து தொடங்குகிறது. 1950-இல் அமெரிக்காவில் ஜான் எவரெட், சார்லஸ் சாயர் என்ற இருவர், முட்டை வெளிவரவேண்டிய நாளன்று பெண் எலிகளுக்கு மதியம் இரண்டு மணிக்கு ஒரு மயக்க மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டிலிருந்து நான்கு மணி வரை மட்டும் அவற்றின் மூளையை மந்தப்படுத்தினால் போதும், அன்று ராத்திரி முட்டை வராது. கொஞ்சம் தாமதமாகவும் வராது. சரியாக 24 மணி நேரம் கழித்து, மறுநாள் அதே பொழுதில்தான் வரும். மறுநாளும் அதே நேரத்தில் மருந்தைக் கொடுத்தால் இன்னொரு நாள் தள்ளிப்போகும். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மறுநாள் அதே பஸ்ஸுக்குக் காத்து நிற்பது மாதிரி. சாவி கருப்பையிலோ முட்டைப்பையிலோ இல்லை, மேலே, மூளைக்குள் இருக்கும் ஒரு கடிகாரத்தின் கையில் இருப்பது அன்று தெரிந்தது.

மனுஷியை எலியாக்கிவிட முடியாது. அவள் உடம்பு அந்தக் கடிகாரத்துக்கு அவ்வளவு அடிமையில்லை; ராப்பகலாக வேலை பார்த்துக்கொண்டே பிள்ளை பெற்றவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் கடிகாரம் இருப்பது உண்மை. இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே, சுமார் 20,000 நரம்பணுக்களாலான இரண்டு சிறு கொத்துகள். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது இரவையும் பகலையும் உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 1729-இல் மெரான் என்ற பிரெஞ்சுக்காரர், தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறைக்குள் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலே அது விடியும் பொழுதில் இலை விரித்தது, அந்தியில் மூடியது. நம்மூரில் அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. சின்னம்மா மகள் போகிற மருத்துவமனை வாசலிலேயே ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. முதல் பஸ்ஸில் போய் இறங்கும்போது இலைகள் கூம்பித்தான் இருக்கும். டோக்கன் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் மெல்லப் பிரிந்துவிடும். கீழே திண்டில், அந்தக் காலை வெளிச்சத்திலும், பெண்கள் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

1972-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பருவமெய்தும் வயதில் இருக்கும் பிள்ளைகளின் ரத்தத்தை நாள் முழுவதும் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தார்கள். பகலெல்லாம் எல்எச் சும்மா கிடந்தது. பிள்ளை தூங்கியதும் துடிக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த இன்னோர் ஆய்வில், தூங்கும் நேரத்தைப் பகலுக்கு மாற்றியபோது துடிப்பும் பகலுக்கு மாறியது. ஆக, ஒரு பெண்ணின் தாய்மைக்கான முதல் அடி அவள் அசந்து தூங்கும்போதே எடுத்து வைக்கப்படுகிறது. நாம் ஓலை கட்டி, மஞ்சள் நீராட்டி, சீர் வரிசை வைத்து ஊரைக் கூட்டிச் சொல்வதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பாயில் சுருண்டு கிடந்த ஒரு சிறுமியின் தூக்கத்துக்குள் அது ஆரம்பமாகிவிட்டது. தமிழில் அதற்குப் பூப்பு என்று பேர். பெயர் வைத்தவர்கள் மொட்டு ராத்திரியில் அவிழ்வதைப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

சின்னம்மா மகளின் மாமியார் மல்லிகை பறிக்கப் போனவர். நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலை மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார்கள். மொட்டாகப் பறித்தால்தான் மதுரைச் சந்தையில் விலை. வெயில் ஏறிவிட்டால் வாடிப்போகும். "பூவுக்கு நேரந் தெரியும். அதுக்கு ஏத்த மாதிரி நாமதான் எந்திரிக்கணும்" என்பார். முப்பது வருஷம் பூவின் நேரத்துக்கு எழுந்தவர்.

மருமகளுடையது வேறு கடிகாரம். பதினெட்டு வயதில் நூல் மில்லுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். அரை நைட் என்றால் சாயந்திரம் நான்கிலிருந்து நள்ளிரவு வரை. முழு நைட் நள்ளிரவிலிருந்து காலை எட்டு வரை. உடம்பு ஒரு ஷிப்ட்டுக்குப் பழகும்போது ஷிப்ட் மாறிவிடும். அவள் பார்ப்பது சைடு. வரிசையாகச் சுற்றும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுந்த நூலை விரலால் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். மேலே டியூப் லைட் பகலைவிட வெள்ளையாக எரியும். முழு நைட் முடிந்து வீட்டுக்கு வந்தால் சோறாக்கி, துணி துவைத்து, தகரக் கூரைக்குக் கீழே பதினோரு மணிக்குப் படுப்பாள். சிலிண்டர்காரர் வருவார். போன் வரும். மதியம் இரண்டுக்கு எழுந்துவிடுவாள்.

"டாக்டரம்மா தூக்கத்தைப் பத்திக் கேட்டாங்களா?" என்று அவளிடம் கேட்டேன்.

"தூக்கமா? அதுல என்னக்கா கேக்க இருக்கு. கெடைக்கிறப்பத் தூங்கிக்கிர்றேன்."

லாரித் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். அவள் ஃபைல் என்னிடம்தான் இருந்தது. கைத்தடிமன் இருக்கும். கல்யாணமாகி எத்தனை வருஷம், நாள் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தைராய்டு, சர்க்கரை, முட்டைப்பையின் இருப்பு, ஸ்கேனில் தெரிந்த ஒவ்வொரு முட்டை மொட்டின் மில்லிமீட்டர். எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எத்தனை முறை விழிக்கிறாள் என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

அவளுக்கு நீர்க்கட்டி. அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அவை கட்டிகள் அல்ல, பாதி வளர்ந்து முதிர முடியாமல் நின்றுபோன முட்டை மொட்டுகள். 1935-இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். இன்று பிள்ளையில்லை என்று ஆஸ்பத்திரி ஏறுகிறவர்களில் பலருக்குப் பழகிப்போன பெயர். இதன் ஆணிவேர்களில் ஒன்று இன்சுலின் சரியாக வேலை செய்யாமை. ரத்தத்தில் கூடிப்போன இன்சுலின் முட்டைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. மொட்டு பாதியில் நிற்கிறது. இங்கேதான் தூக்கம் உள்ளே நுழைகிறது. 1999-இல் ஈவ் வான் காட்டர் குழுவினர் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரிகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். ஆறே நாளில் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் விதம் வயதானவர்களுடையதைப் போல் மந்தமாகிவிட்டது. பதினொரு பேரும் ஆண்கள். பெண்களைக் கூப்பிட்டு விழிக்கவைக்கத் தேவையிருக்கவில்லையோ என்னவோ. அந்தப் பரிசோதனையை வீடுகள் ரொம்ப நாளாக நடத்திக்கொண்டிருக்கின்றன.

நீர்க்கட்டி இருக்கும் பெண்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு மற்றவர்களைவிட அதிகம். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. ராத்திரிக்கு எத்தனையோ தடவை. காலையில் அவளுக்கு எதுவும் ஞாபகமிருக்காது. தலை கனக்கும், அவ்வளவுதான். வெளியே தெரிகிற ஒரே அடையாளம் குறட்டை. ஆம்பளை குறட்டை விட்டால் வீட்டுக்கே சிரிப்பு. பெண் விட்டால் அவளுக்கு அவமானம். புருஷன் தூங்கட்டும் என்று காத்திருந்து, பிறகு தான் படுக்கும் பெண்ணை எனக்குத் தெரியும். எந்த டாக்டரிடம் அவள் குறட்டையைச் சொல்லப்போகிறாள்? இந்தக் கோளாறுள்ள நீர்க்கட்டிப் பெண்களுக்கு ராத்திரியில் மூச்சுக் கருவி பொருத்திப் பார்த்தபோது இன்சுலின் வேலை ஓரளவு சீர்பட்டதாகக் காட்டியிருக்கிறார்கள். அது பிள்ளையாகப் பலிக்குமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காது.

இன்னொன்று கால் உளைச்சல். படுத்ததும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போல் ஒரு குடைச்சல். காலை ஆட்டினால் போகும், நிறுத்தினால் வரும். நம் அம்மாக்கள் துணியால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தது இதற்குத்தான். எல்லாம் நின்றே வேலை பார்த்த அலுப்பு என்று விட்டுவிடுகிறோம். பல பேருக்கு அது இரும்புச்சத்துக் குறைவால் வருகிற தூக்கக் கோளாறு. நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எத்தனை கால்கள் ராத்திரியில் ஆடிக்கொண்டிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு வரும்போதே எனக்குள் ஒரு பயம். தைவானில் காப்பீட்டு ஆவணங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. தூக்கமின்மை முதலான கோளாறுகளோடு மருத்துவரிடம் போன 16,718 பெண்களை, அப்படி இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். பின்னாளில் குழந்தையின்மை கண்டறியப்படும் வாய்ப்பு முதல் கூட்டத்தாருக்கு மூன்று மடங்குக்கும் மேல். நல்ல தலைப்புச் செய்தி. நாளைக்கே யாராவது அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், இன்னொரு பெரியம்மா அதைப் படித்துவிட்டு, "ராத்திரி பூரா போனை நோண்டிக்கிட்டிருந்தா எப்படித் தங்கும்?" என்பார். இரண்டும் சேர்ந்து வருவதை அந்த ஆய்வு காட்டுகிறது. ஒன்று மற்றதைப் பெற்றெடுத்தது என்று சொல்ல அது போதாது. பிள்ளையில்லாத வீட்டில் எவள் நிம்மதியாகத் தூங்கினாள்? வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விட்டவர்களை நினைத்து, அடுத்த தவணை ஊசிக்கு எந்த நகையை வைப்பது என்று நினைத்து, மாதத்தின் இருபத்தெட்டாம் நாள் அடிவயிறு வலிக்கிறதா என்று கவனித்து விழித்துக் கிடப்பவளின் தூக்கமின்மை காரணமா, விளைவா? ஷிப்ட் வேலை பார்க்கும் அமெரிக்க நர்ஸுகளைத் தொடர்ந்து கவனித்ததில் மாதவிலக்கு முறைதவறுவது கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் கருத்தரிக்க எடுத்துக்கொண்ட காலத்தில் ராத்திரி வேலையால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் ஓர் ஆய்வு இருக்கிறது. விஞ்ஞானம் இன்னும் பேசி முடிக்கவில்லை. அது முடிப்பதற்குள் நாம் தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

அப்படித் தீர்ப்புதான் வேண்டும் என்றால் புருஷனையும் கூண்டில் ஏற்ற வேண்டும். ஆணின் டெஸ்டோஸ்டிரோனும் தூக்கத்தில் ஏறுவதுதான். 2011-இல் 10 இளைஞர்களை எட்டு ராத்திரிகள் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே தூங்கவைத்தபோது பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. எங்கள் வீட்டு மாப்பிள்ளை லோடு வண்டி ஓட்டுகிறார். ராத்திரி லோடுதான் அதிகம். அவருக்கு ஒரே ஒரு பரிசோதனைச் சீட்டு; அவளுக்குக் கைத்தடிமன் ஃபைல்.

ராத்திரி வேலையைப் பெண்களுக்கு மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். மூடித்தான் வைத்திருந்தோம். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரைக்குள்தான் பெண்களுக்கு வேலை என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அது பாகுபாடு என்று அந்தப் பிரிவைச் செல்லாததாக்கி, பாதுகாப்பு நிபந்தனைகளோடு வழிவிட்டது. சரியான தீர்ப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் நல்லதுக்கு என்று கதவைச் சாத்தியவர்கள் யாரும், வீட்டுக்குள் அவள் எத்தனை மணி வரை விழித்திருந்தாள் என்று எட்டிப்பார்த்ததில்லை. 2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடங்கள்; ஆண் 88. மில் அவளுக்கு ஒரு ஷிப்ட் கொடுத்தது. வீடு தன் ஷிப்ட்டை விட்டுக்கொடுக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது மாறுவது மில் ஷிப்ட் மட்டும்தான்.

தூங்கு என்ற சொல்லுக்குத் தமிழில் தொங்கு, அசை என்றும் பொருள் உண்டு. தூக்கம் என்பதே தொங்கிக்கொண்டிருத்தல்தான். தூளியை நினைத்தால் புரியும். அம்மாவின் பழைய புடவை, விட்டத்தில் ஒரு முடிச்சு. தன் எடை முழுவதையும் அதற்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளை கிடக்கிறது. பிள்ளை வேண்டும் என்று கோயில் மரத்தில் நாம் கட்டுவதும் அதைத்தான், குட்டித் தொட்டிலை. தூக்கத்துக்கான கருவியைக் கட்டித்தான் பிறப்பைக் கேட்கிறோம். அந்தத் தூளியைப் பற்றி யோசிக்க யோசிக்க, தூக்கம் தனியாள் சமாச்சாரம் அல்ல என்று தோன்றுகிறது. முடிச்சு அவிழாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் எடையை விட முடியும். யாரோ ஒருவர் ஆட்டிக்கொண்டு விழித்திருந்தால்தான் மற்றவர் கண்ணை மூட முடியும். சீக்கிரம் படு, செல்போனைத் தள்ளி வை, இருட்டறையில் தூங்கு என்று மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை எல்லாமே நல்லவைதான். ஆனால் அவை தூங்குகிறவளிடம் சொல்லப்படுகின்றன. அவள் காதின் ஒரு பகுதி குக்கர் விசிலுக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் மாமனாரின் இருமலுக்கும் விழித்தே இருக்கிறது. காவலை இறக்கி வைக்க அவள் தயார்தான். வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். நாம் ஒரு பெண்ணுக்குச் சோறு போடலாம், நகை போடலாம், ஊசிக்குக் கடன் வாங்கிக் கொடுக்கலாம். தூக்கத்தை மட்டும், நாம் விழித்திருந்துதான் கொடுக்க முடியும்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு அவளை உள்ளே அழைத்துப்போனார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பச்சை உடுப்போடு கட்டிலில் படுக்கவைத்து, எங்களைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். மாமியார் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை முட்டை என்று சொல்ல நர்ஸ் வருவதற்கு முன்பே அவளுக்கு மயக்கம் தெளிய ஆரம்பித்துவிட்டது. கண்ணைப் பாதி திறந்து என்னைத் தேடினாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்கினேன்க்கா" என்றாள். நாக்கு குழறியது. "இப்பிடித் தூங்கி எத்தன வருசமாச்சு."

எலிகளுக்குக் கொடுத்த மருந்தும் மயக்கம்தான், அது தூக்கமில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவள் அதற்குள் திடுக்கிட்டு எழுந்து உட்காரப் பார்த்தாள். மணி என்னாச்சு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டாமா, வீட்டில் மாமாவுக்குச் சோறு இல்லையே என்றாள்.

"படு தாயி" என்று மாமியார் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார். "அவரு கடையில வாங்கித் திம்பாரு. நான் முழிச்சுத்தான இருக்கேன்."

ஃபேன் மெதுவாகத்தான் சுற்றியது. என் மடியிலிருந்த அந்தக் கைத்தடிமன் ஃபைலை வாங்கி, அவள் முகத்துக்கு மேலே விசிற ஆரம்பித்தார்.